பாஞ்சாலங்குறிச்சியை மேசையில் சோதிப்பது: சொந்த விதியில் மினியேச்சர் போர் ஆடுவோருக்கு

சிறு பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தி ஆடும், சொந்தமாக விதி எழுதிய போர் விளையாட்டு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். "ஜாலியா இருந்துச்சு" என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பாளையக்காரர் போரை எடுத்துக்கொண்டால் அளவுகோலை வரலாறே கொடுத்துவிடுகிறது. 1801 மார்ச் 31 அன்று கிழக்கிந்தியக் கும்பெனியின் மேஜர் மெக்காலே தலைமையிலான படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கியது. மே 24 அன்று, கூடுதல் படையோடு வந்த லெப்டினன்ட் கர்னல் அக்னியூ அதே கோட்டையைப் பிடித்தார். ஒரே கோட்டை, ஒரே விதிகள், இரண்டு ஆட்டங்கள். மார்ச் ஆட்டத்தில் கும்பெனி பெரும்பாலும் தோற்க வேண்டும். மே ஆட்டத்தில் கோட்டை பெரும்பாலும் விழ வேண்டும். இரண்டிலும் ஒரே முடிவு வந்துகொண்டிருந்தால் விதியில் ஏதோ ஓர் எண் தப்பு. அதைத் தேடிப்பிடிப்பதுதான் சோதனை ஆட்டம்.

கடையில் கிடைக்கும் காலனியக் காலப் போர்களுக்கான விதிப் புத்தகங்களை அப்படியே எடுத்து ஆடிவிடலாமே என்று தோன்றும். அவற்றில் பல, ஐரோப்பியப் படை எதிரில் ஒரு கட்டுப்பாடில்லாத கூட்டம் ஓடிவரும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. இங்கே நடந்தது நேர்மாறு. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் ஆட்கள் சுவருக்குப் பின்னால் நின்று நிதானமாகச் சண்டை போட்டார்கள். திறந்த வெளியில் ஓடிவந்தது கும்பெனிப் படை. அந்தக் கும்பெனிப் படையிலும் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள்தான். பக்கத்துப் பாளையமான எட்டயபுரத்தின் ஆட்களும் கும்பெனியோடு நின்றார்கள். இதையெல்லாம் விதி காட்ட வேண்டும்.

அளவுகள்

கோட்டையை நேரில் பார்த்த கும்பெனி அதிகாரிகளின் வர்ணனைப்படி அது ஒழுங்கற்ற நீள்சதுரம். நீளம் சுமார் 500 அடி, அகலம் சுமார் 300 அடி, கெட்டியான மண்சுவர் சுமார் 12 அடி உயரம், சிறிய சதுரக் கொத்தளங்கள், சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. அகழி கிடையாது.

ஓர் அங்குலம் 10 கஜம் என்று வைத்தால் கோட்டை ஏறக்குறைய 17 அங்குலத்துக்கு 10 அங்குலம். வேலியைச் சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளிப் போட்டால் 23-க்கு 16. நான்கு அடிச் சதுர மேசையின் நடுவே வைத்தால் இரண்டு பக்கம் 12 அங்குலம் சொச்சமும் மற்ற இரண்டு பக்கம் 16 அங்குலமும் வெளி கிடைக்கும். நாலறை வீட்டு ஹாலில் சாப்பாட்டு மேசை மட்டும் போதாது. 4 அடிக்கு 2 அடி மடக்கு மேசை இரண்டை ஒட்டிப் போடுங்கள். நடுவில் விழும் இடுக்கின் மேல் அட்டை வைத்து, அதற்கு மேல் துணி விரியுங்கள். துணி கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்கட்டும். ஒட்டப்பிடாரம் பக்கம் கரிசல் மண். 'இந்தியா' என்று விற்கும் மணல் நிற விரிப்பு அந்த ஊருக்குப் பொருந்தாது.

பொம்மைகளுக்கு 15 மி.மீ. அளவு வசதி. 1:100 என்று கணக்கு வைத்தால் சுவர் உயரம் 37 மி.மீ. பாளையக்காரர்களின் வல்லயம் என்ற ஈட்டி 18 அடி வரை நீளமுள்ளது. பொம்மையின் கையில் அது 55 மி.மீ. பித்தளைக் கம்பி. பொம்மையோடு சேர்ந்தே வரும் குட்டி ஈட்டியை வெட்டிவிட்டு இதை ஒட்டுவது கொஞ்சம் எரிச்சல் பிடித்த வேலைதான். ஆனால் பீரங்கி சுவரில் போட்ட உடைப்பில் நடக்கும் சண்டையே இந்த நீளத்தை நம்பித்தான் இருக்கிறது. ஆடுபவரின் கண்ணில் அது பட வேண்டும்.

ஒரு பிரிவுக்கு 12 பொம்மைகள், 40 மி.மீ. அகல அடித்தட்டு ஒன்றுக்கு நான்கு வீதம் மூன்று தட்டு. ஒரு பொம்மை 12 பேர் என்றால் பிரிவு 144 பேர். இரண்டு வரிசையில் ஆளுக்கு 2 அடி விட்டு நின்றால் 72 பேர் அகலம், 144 அடி, 48 கஜம். மேசையில் 4.8 அங்குலம். மூன்று தட்டின் அகலமும் 120 மி.மீ., அதாவது 4.7 அங்குலம். இந்தக் கணக்கு ஒத்துவராமல் பிரிவை அகலமாக வைத்தால், உடைப்பின் வழியே ஒரே நேரத்தில் எத்தனை பேர் நுழையலாம் என்பதே பொய்யாகிவிடும்.

நேரமும் அப்படித்தான். அந்தக் காலத்துச் சாதாரண நடை நிமிடத்துக்கு 75 எட்டு, எட்டுக்கு 30 அங்குலம். நிமிடத்துக்கு 60 கஜம் சொச்சம். பிரிவுக்கு 6 அங்குல நகர்வு கொடுத்தால் ஒரு சுற்று ஒரு நிமிடம் ஆகிறது. இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு வருகிறது: மண்சுவரைப் பீரங்கியால் உடைப்பதை மேசையில் ஆடாதீர்கள். அது மணிக்கணக்கில் நடக்கும் வேலை. 10 சுற்று ஆட்டத்தில் அடங்காது. ஆட்டம் தொடங்கும்போதே உடைப்பு இருக்கட்டும். மேசையில் பீரங்கியின் வேலை, கொத்தளத்திலும் உடைப்பிலும் நிற்பவர்களைச் சுடுவது மட்டுமே. 6 பவுண்டர் பீரங்கியின் சிதறுகுண்டு 300 கஜம், அதாவது 30 அங்குலம் போகும். நான்கு அடி மேசையில் அதற்குத் தூரம் அளக்கும் விதியே தேவையில்லை. அந்தப் பத்தியைத் தூக்கிவிடுங்கள்.

தொடக்க எண்கள்

துப்பாக்கி வீச்சு 10 அங்குலம். சுடும்போது தட்டுக்கு 2 பகடை. வெளியில் நிற்பவர்மேல் 5, 6 விழுந்தால் அடி, சுவருக்குப் பின்னால் இருப்பவர்மேல் 6 மட்டும். கும்பெனி நகராமல் நின்றால் ஒவ்வொரு சுற்றும் சுடலாம். கோட்டைக்குள் இருப்பவை திரித் துப்பாக்கிகள். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுதான் சுடலாம். பிரிவு 6 அடி வாங்கினால் மேசையை விட்டுப் போகும். 3 அடி வாங்கியதும் ஊக்கச் சோதனைக்கு ஒரு பகடை: 4 அல்லது மேல் விழுந்தால் நிற்கும், இல்லையென்றால் ஒரு நகர்வு பின்வாங்கும்.

மார்ச் ஆட்டத்தில் கும்பெனிக்கு 4 சிப்பாய்ப் பிரிவு, 1 ஐரோப்பியப் பிரிவு, 1 எட்டயபுரப் பிரிவு, 1 பீரங்கி. உடைப்பின் அகலம் 2 அங்குலம். கோட்டைக்குள் 3 துப்பாக்கிப் பிரிவு, 3 வல்லயப் பிரிவு. மே ஆட்டத்தில் கும்பெனிக்கு மொத்தம் 9 பிரிவு, 2 பீரங்கி. உடைப்பு 4 அங்குலம். வேலியில் ஓரிடத்தில் 5 அங்குலத்துக்கு ஏற்கெனவே வெட்டிய வழி. இவை ஆட்டத்துக்காக வைத்த எண்கள். வரலாற்றுப் படைப்பட்டியல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மே ஆட்டத்துக்கு வெற்றி நிபந்தனை கொஞ்சம் கவனம் கேட்கும். கோட்டை விழுந்த அன்று உள்ளே இருந்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். ஊமைத்துரை காயத்தோடு தப்பிச் சிவகங்கைச் சீமைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். பிறகு பிடிபட்டு, நவம்பரில்தான் தூக்கிலிடப்பட்டார். ஆகவே கோட்டை கும்பெனி கைக்குப் போனாலும், ஊமைத்துரை மேசையின் விளிம்பைத் தாண்டினால் பாளையக்காரருக்கே வெற்றி. இது இல்லாவிட்டால் மே ஆட்டத்தில் கோட்டைக்காரராக உட்கார்ந்தவருக்கு ஐந்தாம் சுற்றுக்கு மேல் செய்ய வேலையே இருக்காது. எப்போது சுவரை விட்டு ஓடுவது என்ற ஒரே முடிவுதான் அவர் ஆட்டத்தின் உயிர்.

பெயின்ட் அடிக்கும் முன்னால் கேரம் காய்

பொம்மைக்குப் பெயின்ட் அடித்துவிட்டுச் சோதிக்கலாம் என்று காத்திருப்பவர்களின் விதிகள் சோதனைக்கே வருவதில்லை. முதல் ஆட்டத்துக்குக் கேரம் காய் போதும். வெள்ளை கும்பெனி, கறுப்பு கோட்டை, சிவப்பு ஊமைத்துரை. ஒரு காய் ஒரு பிரிவு. நகர்வு, சுடும் வரிசை, முள்வேலி நேரம் எல்லாம் இதில் தெரிந்துவிடும். உடைப்புச் சண்டையை மட்டும் காயில் சோதிக்க முடியாது. 120 மி.மீ. அகலப் பிரிவுக்குப் பதில் நிற்கும் கேரம் காயின் அகலம் ஏறக்குறைய 3 செ.மீ.தான், 2 அங்குல உடைப்பில் முழுப் பிரிவும் நுழைந்துவிடும். அந்தக் கட்டம் வரும்போது 40-க்கு 30 மி.மீ. அட்டைத் துண்டுகளை வெட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

கோட்டைக்கு 5 மி.மீ. ஃபோம் அட்டை. பசையையோ பெயின்ட்டையோ ஒரு பக்கம் மட்டும் பூசினால் நம்மூர் ஈரக்காற்றில் இரண்டு நாளில் வளைந்துவிடும். இரண்டு பக்கமும் பூசுங்கள். வேலிக்குத் தேங்காய் நார். சிங்கப்பூர் தேக்கா சந்தையில் தேங்காய் விற்பவரிடம் கேட்டால் கிடைக்கும், இல்லாவிட்டால் ஒரு நார் மிதியடியை வெட்டலாம். ஓர் அங்குல அகலத்தில் மொத்தம் 78 அங்குல நீளம் வேண்டும். ஸ்ப்ரே பிரைமரை மழை நாளில் அடித்தால் மேற்பரப்பு மாவு பூத்ததுபோல் ஆகும். தாழ்வாரத்தில் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரரும் வந்துவிடுவார். தூரிகையில் பூசும் பிரைமர் வாங்குவது நல்லது. அடி எண்ணிக்கையைக் குறிக்கக் காகிதத் துண்டு வேண்டாம், மின்விசிறி அள்ளிக்கொண்டு போகும். கண்ணாடி மணி வையுங்கள். பகடையை உருட்ட ஃபெல்ட் ஒட்டிய தட்டு ஒன்று, கீழ்வீட்டுக்காரருக்காக.

நண்பரை உட்கார வைப்பது

விதியை நண்பருக்கு வாயால் சொல்லாதீர்கள். அச்சடித்துக் கொடுங்கள், நான்கு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். அவர் படிக்கும்போது அறையை விட்டுப் போய்க் காப்பி கலக்குங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்து விளக்கினால் சோதனைக்கு உள்ளாவது உங்கள் வாய்தான், எழுதிய விதி இல்லை.

ஆட்டம் தொடங்கியபின் அவர், "இப்ப நான் சுடலாமாடா, இல்ல நீ ஓடி முடிச்சப்புறம்தானா?" என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள். "பேப்பர்ல என்ன போட்டிருக்குன்னு பாரு" என்று சொல்லிவிட்டு, கேள்வியை அவர் கேட்ட சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். விடை பேப்பரில் இருந்து அவர் கண்டுபிடிக்க நேரமானால், பத்தி தப்பான இடத்தில் இருக்கிறது. விடையே இல்லாவிட்டால் ஒரு பகடை போட்டு அந்த ஆட்டத்துக்கு மட்டும் முடிவு செய்யுங்கள். மேசையில் உட்கார்ந்தபடி புது விதி எழுத ஆரம்பித்தால் அன்றைய ஆட்டம் அதோடு போச்சு.

நண்பருக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்: விதியை உடைக்கச் சொல்லுங்கள். "நியாயமா ஆடாத. ஓட்டை இருந்தா அதுல பூந்து வா." நல்ல நண்பர் முதல் அரைமணியிலேயே எட்டயபுரப் பிரிவை முன்னால் விட்டு, கோட்டையின் குண்டையெல்லாம் அதன்மேல் வாங்கவைத்து, பின்னால் சிப்பாய்களைக் கொண்டுவருவார். அது ஓட்டையா, நல்ல தந்திரமா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். இப்போது குறித்தால் போதும்.

தமிழர் வீட்டில் கும்பெனியாக உட்கார யாருக்கும் மனம் வராது. அதற்காகவே பக்கம் மாற்றி ஆடுவதைக் கட்டாயமாக்குங்கள். ஒருவரே எப்போதும் கோட்டையில் இருந்தால் கோட்டையின் பலம் எது, அவருடைய திறமை எது என்று பிரிக்க முடியாது. பிராட்டாவை ஆட்டம் முடிந்தபின் வாங்குங்கள். எண்ணெய்க் கை பட்ட அட்டை அடுத்த வாரத்துக்கு உதவாது.

எதைக் குறிப்பது

ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் மேலிருந்து கைப்பேசியில் ஒரு படம். தாளில் சுற்றுக்கு ஒரு வரி: எத்தனை பகடை உருண்டது, எத்தனை அடி விழுந்தது, எத்தனை தடவை விதியைப் புரட்டினீர்கள், யார் சும்மா இருந்தார்கள்.

பகடைக் கணக்கு ஏன்? மூன்றில் ஒரு வாய்ப்புள்ள 60 பகடைக்கு 20 அடி எதிர்பார்க்கலாம். 16-லிருந்து 24 வரை வந்தால் சாதாரணம். 11 வந்த நாளில் கும்பெனி ஜெயித்தால் அந்த முடிவை வைத்து விதியைத் தொடாதீர்கள்.

வெற்றி தோல்வி எண்ணிக்கையையும் அதிகம் நம்ப வேண்டாம். சரிசமமான ஆட்டத்தை ஆறு தடவை ஆடினால், ஒரு பக்கம் நான்கோ அதற்கு மேலோ ஜெயிக்க 69 சதவீத வாய்ப்பு. 5-1 அல்லது அதற்கு மேல் சாய்வதற்கே 22 சதவீதம் உண்டு. 6-0 ஆனால்தான் 3 சதவீதத்துக்கு இறங்கும். வார இறுதிகளில் ஆடும் இருவருக்கு நூறு ஆட்டம் ஆட நேரமில்லை. அதனால் யார் ஜெயித்தார் என்பதைவிட, எந்தச் சுற்றில், எந்த இடத்தில் ஆட்டம் முடிவாயிற்று என்பதைப் பாருங்கள். மார்ச் ஆட்டம் வேலியிலோ உடைப்பிலோ முடிவாக வேண்டும். திறந்த வெளியிலேயே முடிந்துவிட்டால், கும்பெனி தோற்றிருந்தாலும் விதி தப்புதான்.

ஆட்டம் முடிந்து "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கு லா" என்ற பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: "எந்த டர்ன்ல உனக்குச் செய்ய ஒண்ணுமே இல்லாம இருந்துச்சு?" "நீ செய்ய நினைச்சு விதி விடாதது எது?" "நான் என்ன செய்வேன்னு முன்னாடியே தெரிஞ்ச இடம் எது?" இந்த மூன்றுக்குமே பதில் வரும்.

முள்வேலி: ஓர் எண் என்ன செய்யும்

விதி எழுதுபவர் வேலிக்கு முதலில் போடும் எண் 'பாதி நகர்வு'. பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். மேசையில் என்ன ஆகிறது என்று பாருங்கள். பிரிவு சுவரிலிருந்து 10 அங்குலத்தில் வீச்சுக்குள் வருகிறது. வேலிக்கு 7 அங்குலம். முதல் சுற்றில் 6 அங்குலம் நடக்கிறது. இரண்டாம் சுற்றில் மீதி ஓர் அங்குலம், வேலிக்கு 2, அப்புறம் சுவர்வரை 2. மொத்தம் 5, சுவரைத் தொட்டாயிற்று. திரித் துப்பாக்கி ஒரே தடவை சுட்டிருக்கும்: 6 பகடை, சராசரி 2 அடி. பிரிவு நான்கு பலத்தோடு உடைப்பில் நிற்கிறது. பின்னாலேயே இன்னொன்று. மார்ச் 31 அன்றே கோட்டை விழுந்துவிடும்.

'வேலியைத் தொட்டதும் நில், கடக்க அடுத்த முழுச் சுற்று' என்று மாற்றுங்கள். இப்போது முதல் சுற்று நடை, இரண்டாம் சுற்றில் வேலியோரம் நிற்கும், மூன்றாம் சுற்று வெட்டிக் கடக்கும், நான்காம் சுற்றில்தான் சுவர். துப்பாக்கி இரண்டு தடவை பேசும்; ஒரு பிரிவு சராசரி 4 அடி கொடுக்கும், இரண்டு பிரிவு சேர்ந்தால் 8. முதல் பிரிவு வேலியிலேயே கரைந்துவிடும், அடுத்தது தேய்ந்துபோய் உடைப்புக்கு வரும். அங்கே 2 அங்குல அகலத்தில் ஒரு தட்டுதான் நிற்க முடியும். வல்லயத்துக்கு முதல் குத்து; முன்தட்டுக்கு 3 பகடை, நீளம் காரணமாகப் பின்தட்டுக்கும் 3, நான்கிலிருந்து அடி. சராசரி 3. சிப்பாய்த் தட்டு திருப்பி அடிப்பது 3 பகடை, ஐந்திலிருந்து, சராசரி 1. இதுதான் மார்ச் ஆட்டம். வேறு எந்த எண்ணையும் தொடவில்லை.

அதே விதியோடு மே ஆட்டத்தைப் போடுங்கள். வெட்டிய வழியில் வேலித் தாமதம் இல்லை, 4 அங்குல உடைப்பில் இரண்டு தட்டு நிற்கும், பின்னால் பிரிவுகள் வந்துகொண்டே இருக்கும். இப்போதும் கும்பெனி அடிபட்டுத் திரும்பினால் பின்தட்டின் 3 பகடையை 2 ஆக்கிப் பாருங்கள். கூடவே உடைப்பின் அகலத்தையும் ஊக்கச் சோதனையையும் மாற்றத் தோன்றும். வேண்டாம். ஓர் ஆட்டத்துக்கு ஒரு மாற்றம், அதை மார்ச்சிலும் மேயிலும் ஒவ்வொரு தடவையாவது ஆடிவிட்டு அடுத்தது. விதித்தாளின் தலைப்பில் தேதியும் பதிப்பு எண்ணும் போடுங்கள். பழைய தாளைக் கிழிக்காதீர்கள், மூன்றாம் பதிப்புதான் நன்றாக இருந்தது என்று ஒன்பதாம் பதிப்பில் தெரியவரும்.

விதி கூட்டும் ஆசையும் இந்தக் கட்டத்தில்தான் வரும். கரிசல் மண்ணில் பீரங்கிச் சக்கரம் புதைவது, கோட்டைக்குள் தண்ணீர்த் தட்டுப்பாடு, குதிரைப்படை. பங்குனி முதல் வைகாசிவரை நடக்கும் சண்டைக்குச் சகதி விதி எதற்கு? பத்து நிமிட ஆட்டத்தில் யாருக்கும் தாகம் எடுக்காது. சரித்திரச் சுவையைக் காட்சிக் குறிப்பில் நாலு வரி எழுதுங்கள், விதியில் ஏற்றாதீர்கள். போர் முடிந்து 1802-இல் பாளையக்காரர் பலரைப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள் என்ற செய்தி நம் பக்கத்து வாசகருக்கு எந்தப் பகடை விதியைவிடவும் கோட்டையைக் கிட்டத்தில் கொண்டுவரும்.

நீங்கள் இல்லாத ஆட்டம்

மார்ச் உடைப்பில் முடிவாகி, மே மாதம் கோட்டை விழுந்து, ஊமைத்துரை சில தடவை தப்பி, சில தடவை சிக்கினால், உங்கள் நண்பரின் பயன் முடிந்துவிட்டது. இத்தனை ஆட்டத்தில் அவர் பேப்பரைப் பார்க்காமலே ஆடப் பழகியிருப்பார். விதியைக் கண்ணால் பார்த்திராத வேறு இருவரைப் பிடியுங்கள். சமூக மன்றத்தில் அறை எடுத்தால் பெரிய மேசை கிடைக்கும். அடுக்குமாடியின் கீழே திறந்திருக்கும் வெற்றுத்தளம் வேண்டாம், காற்றில் எல்லாம் பறக்கும். ஒரு பெட்டியில் விதித்தாள் இரண்டு பிரதி, காட்சி வரைபடம், பிரிவு அட்டைகள், 12 பகடை, அங்குல டேப், குறிப்புத்தாள், பேனா வைத்துக் கொடுங்கள். கோட்டையை நீங்கள் அடுக்க வேண்டாம்; வரைபடத்தைப் பார்த்து அவர்களே அடுக்கட்டும். உடைப்பைத் தப்பான சுவரில் வைத்தார்கள் என்றால் திருத்த வேண்டியது வரைபடத்தை. நீங்கள் அடுத்த அறையில் இருங்கள். கூப்பிட்டாலும் போகாதீர்கள், என்ன கேள்வி என்று மட்டும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.